நாகவல்லியின் காப்பாளர் யார்?

தோழர்களே, இந்தத் தாளைப் பாருங்கள். கையிலிருக்கும் வேலையைச் சற்றே கீழே வைத்துவிட்டு, ஆவடியாரும் அம்பத்தூராரும் பூவிருந்தவல்லியாரும் ஒருமுறை இதைக் கண்ணால் பாருங்கள். பெயர்: நாகவல்லி. வகுப்பு: நாலாம் பாரம். வயது: பதினான்கு. பந்தயம்: பெண்களுக்கான நூறு கஜ ஓட்டம். இவ்வளவும் அவளே தன் கையால் அழகுற எழுதியது. அடியில் ‘காப்பாளர் கையொப்பம்’ என்று அச்சிட்ட இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமைக்காக, தாளின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை சிவப்பு மையால் ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கிறது. கோட்டின்மேல் ‘தகுதியற்றவர்’ என்று ஒரு சொல் எழுதப்பட்டிருக்கிறது. பட்டப்பகலில், படித்த மனிதர் ஒருவர், பள்ளிக்கூடத்தின் மேசையில் வைத்துச் செய்த காரியம் இது!

யாருக்குத் தகுதியில்லை? சேக்காட்டு ஏரிக்கரையில் ஒருநாள் மாலை அந்தப் பெண் ஓடியதை ட்ரில் மாஸ்டர் அப்துல் முத்தலிப் தம் கையிலிருந்த கடிகாரத்தால் அளந்தார். பூவிருந்தவல்லிக்காரர், இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்தவர். அவள் கோட்டைக் கடந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். நின்றுபோயிற்று என்றெண்ணி உதறினார். காதில் வைத்துக் கேட்டார். அது ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருந்தது. பதின்மூன்று நொடி! செருப்பில்லாத கால், உழவு மண், இடையில் ஓர் எருமை குறுக்கே வந்தது வேறு. “இன்னாம்மா, ரயிலுக்கு முன்னாடி போயி ஸ்டேசன்ல நிக்கப் போறியா?” என்று கேட்டாராம். அவள் மூச்சு வாங்கவும் மறந்து சிரித்தாளாம்.

அத்தகைய பெண்ணுக்குக் கையொப்பமிட ஆளில்லாமற்போன கதையைக் கேளுங்கள். ஏழாண்டுகளுக்கு முன், சிறுமியரை மணம் முடிப்பதைத் தடுக்கும் சாரதா சட்டம் பங்குனியில் வந்துவிடும் என்று கேள்விப்பட்டு, மாசி மாதம் முழுவதும் நம் ஊர்களில் மேளச் சத்தம் ஓயாமல் இருந்ததே, நினைவிருக்கிறதா? நினைவில்லை என்று சொல்லாதீர்கள். அந்தப் பந்திகளில் நீங்களும் உட்கார்ந்திருந்தீர்கள். அப்படி நடந்த மணங்களில் ஒன்றுதான் இதுவும். மணமகளுக்கு வயது ஏழு. மணமகன் கோதண்டத்துக்குப் பத்து. திருமுல்லைவாயில் உலகநாதனின் இளைய மகள் அவள். உலகநாதனின் தங்கை கன்னியம்மாளின் ஒரே மகன் அவன். ஓமப் புகை கண்ணில் பட்டு மணமகன் அழுதான். மணமகளோ அவன் தோளில் சாய்ந்து தூங்கியே போனாள். தாயில்லாப் பெண்ணாகையால் ஐந்து வயதிலிருந்தே அவள் சேக்காட்டில் அத்தை வீட்டில்தான் வளர்ந்தாள். ஆகவே மணமான மறுநாளும் அதே வீட்டில், அதே வட்டிலில் கஞ்சி குடித்துவிட்டு, அதே கோதண்டத்தோடு பம்பரத்துக்குச் சண்டையிடப் போனாள்.

கன்னியம்மாளின் கணவர் மட்டும் நல்லதொரு காரியம் செய்தார். மகனைச் சேர்த்த பள்ளியிலேயே மருமகளையும் சேர்த்துக் கையெழுத்திட்டார். சென்ற ஆண்டு அவர் காய்ச்சலில் இறந்தார். அவருக்குப் பின் அந்த வீட்டில் வயது வந்தவர் கன்னியம்மாள் ஒருத்தியே. எழுத்தறியாதவள், ஆனால் மருமகள் ஓடும்போது பாவாடை தடுக்குகிறது என்று கண்டதும், அதை நடுவே வெட்டி இரண்டு கால்களாகத் தைத்துக் கொடுத்தவள். ஊரில் எவரும் அதுவரை கண்டிராத அந்த உடைக்கு அவளே ‘ரெட்டைப் பாவாடை’ என்று பெயரிட்டாள். கேலி செய்தவர்களைப் பார்த்து, “ஒன் வேட்டியத் தட்டுச்சுத்தா கட்டிகினு அவகூட ஓடிப் பாரேன், தெரியும்” என்றாள்.

சிவப்புக் கோடு விழுந்த தாள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அவள் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு பள்ளிக்குப் போனாள். விளையாட்டுக் கமிட்டியின் காரியதரிசி ஜானகிராமன் கணக்கு ஆசிரியர். கொடியவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். எழுத்தறியாதவளானாலும் நாற்காலி கொடுத்து உட்காரச் சொல்லும் பண்புடையவர். அச்சிட்ட விதிப் புத்தகம் ஒன்று அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான் அவர் செய்த பாவம்.

“அய்யா, எம் மருமவ ஓடறதுல இன்னா குத்தம் கண்டீங்க?”

“குத்தம் ஒண்ணுமில்லேம்மா. கையெழுத்து இல்லே. கல்யாணமான பொண்ணுன்னா புருஷன் போடணும். ஏழாவது விதி.”

“அவ்ளோதானா? தோ வெளியதான் நிக்கிறான் புருசன். டேய் கோதண்டம், உள்ள வாடா!”

உள்ளே வந்து கைகட்டி நின்றவனைக் காரியதரிசி ஏற இறங்கப் பார்த்தார். “இவனா? நேத்து அல்ஜிப்ராவுக்காக இவனைத்தானேம்மா பெஞ்சு மேல ஏத்தினேன்!”

“ஏத்துங்க. நல்லா ஏத்துங்க. எறங்கி வந்து கையெழுத்துப் போடட்டும்.”

“பதினேழு வயசுப் பையன், மைனர். இவன் கையெழுத்து செல்லாது. இவன் நீளத் தாண்டலுக்கே வேற ஒருத்தர்தான் போட்டிருக்கார். பேரு உலகநாதன், தாய்மாமன்.”

“அவருதாங்க பொண்ணப் பெத்தவரு!”

“அப்போ கவலை விட்டுது. புருஷன் மைனரா இருந்தா தகப்பன் போடலாம். வாங்கிண்டு வாங்க.”

கன்னியம்மாள் எழுந்திருக்கவில்லை. “நான் போட்டா ஆவாதா? அஞ்சு வயசுலேர்ந்து தல வாரி, சோறு போட்டு வளத்தவ நானு.”

அவர் மெய்யாகவே புத்தகத்தை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தார். “மாமியார்ங்கற வார்த்தையே இதுல இல்லேம்மா.”

“எழுதினவருக்கு மாமியாரே இல்ல போல கீது” என்று சொல்லிவிட்டுத்தான் அவள் வெளியேறினாள்.

இதைச் சற்றே நிறுத்தி எண்ணிப் பாருங்கள். பத்து வயதில் தாலி கட்டத் தகுதியுடைய கை, பதினேழு வயதில் ஒரு தாளில் பெயரெழுதத் தகுதியற்றதாம்! அக்கினி சாட்சியாக ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் அவன் கையில் ஒப்படைத்தோம்; பதின்மூன்று நொடியை ஒப்படைக்க மட்டும் நமக்கு நம்பிக்கை வரவில்லை. அவளை ஊட்டி வளர்த்தவளோ விதியின் கண்ணுக்குத் தென்படவே இல்லை.

அன்று மாலையே அண்ணனும் தங்கையும் திருமுல்லைவாயிலில் உலகநாதனின் வேர்க்கடலைக் கொல்லையில் எதிரெதிரே நின்றார்கள். மடை திருப்பிக்கொண்டிருந்த உலகநாதன் மண்வெட்டியை ஊன்றிக் கேட்டார். முழுவதும் கேட்டார். பிறகு தலையசைத்தார்.

“கோதண்டத்துக்குக் கேட்டே, மறு பேச்சு பேசாம போட்டேன். இது ஆவாது கன்னிமா.”

“ஏன், அவன் ஒன் மருமவன், இவ ஒன் மவ இல்லியா?”

“உனுக்குக் குட்த்துட்டேனே! குட்த்த பொண்ணுக்கு நான்தான் காப்பாளன்னு காயிதத்துல எழுதினா இன்னா அர்த்தம்? ஒலகநாதன் சின்னப் பொண்ணும் ஊட்டுக்குத் திரும்பிட்சின்னு அர்த்தம். கெணத்தாண்ட நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. எனுக்கு ஒண்ணு போதும்.”

கொல்லையோரக் குடிசைக்குள் பாத்திரம் துலக்கும் ஓசை நின்றது. உள்ளே இருந்தவள் வடிவு, அவருடைய மூத்த மகள். வேலப்பன்சாவடியில் வாழப் போய், ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்து மூன்றாண்டாயிற்று. அவள் திரும்பிய நாளன்று தெருவில் நின்று பார்த்தவர்களின் முகங்களை உலகநாதன் இன்னும் மறக்கவில்லை. ஒரு தகப்பன் அஞ்சுவதற்கு அது போதும். கல்மனம் படைத்தவர் என்று அவரை எண்ணிவிடாதீர்கள். மகள்மேல் உள்ள பாசத்தினாலேயே அவர் கையெழுத்திட மறுத்தார். ஒரு கீறல் எழுத்தால் அவளை வாழாவெட்டியாக்கிவிடுவோமோ என்று அந்த மனிதர் நடுங்கினார். கன்னியம்மாள் திரும்பி நடந்தபோது, பின்னாலிருந்து அவர் குரல் தாழ்ந்து கேட்டது: “நெசமாவே அவ்ளோ வேகமா ஓடறாளா?”

“வந்து பாரு” என்றாள் தங்கை, திரும்பாமலே.

சேக்காட்டு வீட்டில் அன்றிரவு சோற்றுக்கு முன் கணவன் மனைவியரிடையே பெரிய வழக்கு நடந்தது. தானும் தாண்டப் போவதில்லை என்றும், மறுநாளே பெயரை நீக்கிவிடுவதாகவும் கோதண்டம் வீரம் பேசினான்.

“நீ தாண்டினா இன்னா, தாண்டாங்காட்டி இன்னா மச்சான்? போன தபா மணல் வரைக்கும் கூட போயி சேரல” என்றாள் நாகவல்லி.

“அப்ப எனுக்கு வயசு பதினெட்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். எவன் கேக்கப் போறான்?”

“ரிஜிஸ்தர்ல கீது. நான் ஜெயிச்சப்புறம் அத்தக் கண்டுபுட்சி கப்பப் புடுங்கிகினு போவாங்க. எனுக்குப் பொய்யில வர கப்பு வாணாம்.” பிறகு அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: “ஒரே ஒரு தபா, கோடு போட்ட எடத்துல, எல்லாரும் பாக்க ஓடணும் மச்சான். ஏரிக்கரையில எருமதான பாக்குது.”

கோதண்டம் அவள் வட்டிலில் தன் பங்கு அப்பளத்தை வைத்தான்.

கேட்டுக்கொண்டிருந்த கன்னியம்மாள் எழுந்தாள். ட்ரில் மாஸ்டர் கொடுத்திருந்த புதுத் தாளை விரித்தாள். மகனுடைய மைக்கூட்டில் பெருவிரலைத் தோய்த்து, காப்பாளர் என்ற இடத்தில் ஓங்கி அழுத்தினாள். அந்த ரேகை, அச்சிட்ட எழுத்தையே மூடிவிட்டது.

தாளைக் கமிட்டியிடம் கொண்டுபோனவர் அப்துல் முத்தலிப். மறுநாள் அவர் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு வந்து சொன்னார்: “அம்மா, ஒங்க வெரல அவுங்க ஒத்துக்கல. ஆனா நான் வுடல. சண்ட போட்டேன். பேர இப்ப அடிக்க மாட்டாங்க. சனிக்கிழம பந்தயத்துல நாலு மணிக்கு விசில் ஊதறதுக்கு முன்னாடி தகப்பனாரு வந்து ஒங்க ரேகை பக்கத்துல கையெழுத்துப் போட்டா புள்ள ஓடலாம். போடாங்காட்டி அங்கியே, அவ கோட்டாண்ட நிக்கும்போதே, பேர அடிப்பாங்களாம்.”

நேற்று, புதன்கிழமை மாலை, உலகநாதன் சேக்காட்டுக்கு வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. ஏரிக்கரைப் பனைமரத்தின் பின்னே நின்றார். ரெட்டைப் பாவாடை கட்டிய மகள் வடக்கு மதகிலிருந்து புறப்பட்டு, தெற்கு மதகை நோக்கிக் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டு நழுவி விழுந்ததை அவர் அறியவில்லை. கன்னியம்மாள் அருகே வந்து துண்டை எடுத்துக் கொடுத்தாள். கூடவே கோதண்டத்தின் பேனாவையும் தாளையும் கொடுத்தாள். அவர் வாங்கினார். மூடியைக் கழற்றினார். தாளைப் பனைமரத்தின்மேல் வைத்து, மரத்தின் சொரசொரப்பு இடறாத இடமாகப் பார்த்துக் கையை வைத்தார். பேனா ‘உ’ என்ற எழுத்தின் தொடக்கச் சுழிவரை போயிற்று.

அந்தக் கணத்தில் கரைமேல் ஒரு மாட்டுவண்டி வந்தது. திருமுல்லைவாயில் ஆட்கள் மூவர். கெட்ட எண்ணமில்லாதவர்கள், சந்தைக்குப் போய் மகிழ்ச்சியாகத் திரும்புகிறவர்கள். அவர்களில் ஒருவன் உரக்கக் கூவினான்: “இன்னா ஒலகநாதா, மவள இட்னு போவ வந்தியா? சின்னதும் ரிட்டனா?” மற்ற இருவரும் சிரித்தார்கள். வண்டி போய்விட்டது.

உலகநாதன் பேனாவை மூடினார். தங்கையிடம் திருப்பிக் கொடுத்தார். “சனிக்கிழம வரேன்” என்று மட்டும் சொன்னார். கையெழுத்திடுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகள் தெற்கு மதகிலிருந்து கையசைத்தாள், அவரும் அசைத்தார்.

தோழர்களே, அந்த மாட்டுவண்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரென்று நான் சொல்ல வேண்டுமா? விதிப் புத்தகத்தைத் திருத்தக் கமிட்டி கூட வேண்டும், கூடட்டும். அதற்கு எழுதுங்கள், ஆளுக்கொரு கடிதமாக எழுதுங்கள். ஆனால் அது ஆறு மாதத்து வேலை. உலகநாதனின் கையைப் பிடித்திருப்பது எந்தப் புத்தகமுமன்று. கிணற்றடியிலும் வண்டியிலும் எழும் நம் பேச்சு. அதை அவிழ்க்கக் கமிட்டி வேண்டாம், நீங்கள் போதும்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு முன் ஆவடி மைதானத்துக்கு வந்து சேருங்கள். பெண்களும் வாருங்கள்; வடிவையும் யாரேனும் அழைத்து வாருங்கள். கூட்டத்தின் ஓரத்தில், துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு, நரைத்த மீசையுடன் ஒருவர் நிற்பார். அவர் பக்கத்தில், எழுதத் தெரியாத ஒருத்தி, மூடி கழற்றிய பேனாவை மை உலராமல் நிழலில் மறைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நேரே அவரிடம் போங்கள். முதுகில் தட்டுங்கள். நூறு பேர் கேட்க, வாய்விட்டுச் சொல்லுங்கள்:

“போடு அண்ணாத்தே, கையெழுத்து! ஓடப் போறது எங்க ஊட்டுப் பொண்ணு.”