மொலெபாட்சியின் முற்றத்தில் நின்ற கொப்பரை

மொகோபெங் ஊரின் இரும்புக் கொப்பரை தன் மூன்று கால்களால் நடந்து மொலெபாட்சியின் முற்றத்துக்கு வந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில். சோளம் அறுத்துக் களம் காலியான மாதம் அது. மொலெபாட்சிக்கு அப்போது எந்த நோயும் இல்லை. ஆட்டுப்பட்டியைத் திறக்க வெளியே வந்தவன், கொப்பரையைப் பார்த்தான். கிட்டே போய்க் கையை வைத்துப் பார்த்தான். பனியில் நனைந்து சில்லென்று இருந்தது. ஆடுகளைத் திறந்து விட்டுவிட்டு உள்ளே போய்க் குளித்து, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான்.

வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பாதி மாட்டை வேகவைக்கும் அளவு பெரிய அந்தக் கொப்பரையை எந்தக் காலத்திலோ ஒரு வண்டி வியாபாரியிடம் மாடு கொடுத்து ஊர் வாங்கியது. கூட்டம் கூடும் மரத்தடியில் அது சும்மா கிடக்கும். ஒரு வீட்டில் சாவு விழப்போகிறது என்றால் முந்தின நாளே அந்த வீட்டு முற்றத்தில் போய் நின்றுகொள்ளும். நடந்து போவதைப் பார்த்தவர்களும் உண்டு. ஒரு கால் நொண்டும் பசுவைப்போல் நடக்கும் என்பார்கள். அள்ள அள்ளக் குறையாத பானை, செத்தவனைப் போட்டால் எழுந்து வரும் பானை என்றெல்லாம் வெளியூர்களில் கதை சொல்வதுண்டு. மொகோபெங்கின் கொப்பரைக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். அதைப் பிசகில்லாமல் செய்தது. சுரங்கத்தில் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு நேரத்தோடு ஆள் அனுப்பலாம், விறகு வெட்டி வைக்கலாம் என்று ஊருக்கும் அது சௌகரியமாகவே இருந்தது. வழக்கப்படி சனிக்கிழமை காலையில் அடக்கம் முடிந்து, உப்பு மட்டும் போட்டு வேகவைத்து இடித்த மாட்டிறைச்சியை எல்லோரும் தின்று முடித்ததும், மணல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் காலை அது மரத்தடியில் இருக்கும்.

மொலெபாட்சி கல்யாணம் ஆகாதவன். அப்பா அம்மா போய்விட்டார்கள். அக்காவைத் தூரதேசத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. ஊரின் கடைசியில், வண்டிப்பாதை ஓரமாக, ஆடுகளோடு இருந்தான். அதிகம் பேசமாட்டான் என்பதால் அவனிடமும் யாரும் அதிகம் பேசவில்லை. கொப்பரை வந்த அன்று மத்தியானத்துக்குள் மொத்த ஊரும் அவன் முற்றத்தில் இருந்தது. பெஞ்சுகள் வந்தன. அவனிடம் இருந்த ஒரே எருதைப் பிடித்து இறைச்சிக்காகக் கட்டினார்கள். சாயங்காலங்களில் போதகர் வந்து ஜெபம் சொன்னார், பெண்கள் பாடினார்கள். பல வருஷமாக முகம் கொடுக்காத பங்காளிகள் கட்டில் ஓரமாக உட்கார்ந்து சின்ன வயசில் அவனோடு எலி பிடித்ததைச் சொல்லிச் சிரித்தார்கள். வெளியே சோளம் இடிக்கும் சத்தமும் பெண்களின் கேலிப்பேச்சும் கேட்டுக்கொண்டே இருந்தன. அந்த ஒரு வாரம் மொலெபாட்சி கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி கிடந்தான். அவன் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமான வாரம் அதற்கு முன் வந்ததில்லை.

சனிக்கிழமை குழியும் வெட்டியாயிற்று. அவனுடைய சித்தப்பா மனைவி மா டிபோ உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள். ஊரில் எல்லோருக்கும் அவள் வாய்க்குப் பயம்.

“என்னப்பா, இன்னும் மூச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கியா?”

“ஆமா சித்தி.”

“நெஞ்சு கிஞ்சு ஏதாவது அடைக்குதா?”

“இல்ல சித்தி. பசிக்குது.”

மா டிபோ வெளியே போய் இதைச் சொன்னாள். வெந்த இறைச்சியை வீணாக்க முடியாதென்று சாப்பிட்டார்கள். தட்டை ஏந்திக்கொண்டு வெளியே வந்த மொலெபாட்சிக்கு யாரோ எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் போட்டார்கள். போதகர், வந்ததற்கு ஏதாவது சொல்லவேண்டுமே என்று, அறுவடை நன்றி ஜெபத்தைச் சொல்லி முடித்தார். வெறும் குழியை மண் தள்ளி மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

கொப்பரை மட்டும் போகவில்லை. மறுநாளும் நின்றது, அடுத்த வாரமும் நின்றது. மழைக்காலம் வந்தபோது கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியில் ஏற்றி மரத்தடியில் இறக்கிவிட்டு வந்தார்கள். விடிந்தபோது மொலெபாட்சியின் முற்றத்தில், பழைய இடத்திலேயே இருந்தது. ஊரில் மற்றவர்கள் வழக்கம்போல் செத்தார்கள். அவர்கள் வீட்டுக்குக் கொப்பரை வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்த சாவுகளுக்கு உறவுக்காரர்கள் தாமதமாக வந்து சேர்ந்தார்கள், இரவல் அலுமினியப் பாத்திரங்களில் இறைச்சி அடிப்பிடித்தது. பழி மொலெபாட்சிமேல் விழுந்தது. “தானும் சாகமாட்டேங்குறான், கொப்பரையையும் விடமாட்டேங்குறான்” என்று மா டிபோ தண்ணீர்க்குழாயடியில் வைத்துச் சொன்னதை ஊர் முழுக்கச் சொன்னது. அவன் வீட்டு வேலியைத் தாண்டி யாரும் வருவதில்லை என்றாயிற்று. ஆடு வாங்க வருகிறவர்கள் பாதையில் நின்றே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஊர்ப்படம் வரையச் சொன்னால் பிள்ளைகள் கடைசி வீட்டின் முன்னால் மூன்று கால் போட்டு ஒரு கறுப்பு உருண்டை வரைவார்கள். ஆசிரியை அதை அழிக்கச் சொல்வாள்.

மொலெபாட்சி முதல் வருஷம் காலையில் எழுந்ததும் கொப்பரைக்கு வணக்கம் சொன்னான். பதில் வராததால் அப்புறம் நிறுத்திக்கொண்டான். யாராவது வந்தால் உட்காரட்டும் என்று ஜெபத்துக்கு வந்த பெஞ்சு ஒன்றைத் திருப்பித் தராமல் வைத்திருந்தான். அதை யாரும் கேட்டு வரவும் இல்லை. சில நாட்களில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே சொல் ஆடுகளை ஓட்டும் சொல்லாக இருந்தது. ஊருக்கு இத்தனை சிரமம் கொடுக்கிறோமே, மரியாதைக்காகவாவது செத்துவிடலாமா என்றுகூட யோசித்தான். அதற்கென்று படுத்தும் பார்த்தான். சாவு வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

வண்டிப்பாதையைத் தார்ச்சாலையாக்கும் வேலை தொடங்கிய வருஷம், எல்லைக்கு அந்தப்புறத்திலிருந்து செகாய் என்ற பெண் தலையில் ஒரு மூட்டை அவரையோடு நடந்து வந்தாள். புருஷன் பஞ்சத்தில் போய்விட்டான், பிள்ளை இல்லை. சாலை வேலைக்காரர்களுக்குச் சோறு சமைத்துப் பிழைக்கலாம் என்று வந்தவள். வேலிக்கு வெளியே நின்று கொப்பரையைப் பார்த்தவள், கேட்காமலே உள்ளே வந்து அதன் விளிம்பைத் தட்டினாள்.

“யார் வீட்டுக் கொப்பரை ரா இது? இவ்வளவு பெரிசு, சும்மா கெடக்கு!”

முற்றத்தில் இன்னொரு ஆள் நின்று, ஐயா என்று பொருள்படும் ‘ரா’ போட்டுத் தன்னைக் கூப்பிடுவதைப் பார்த்து மொலெபாட்சிக்கு வாங்க என்று சொல்லும் சொல் உடனே வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். பேசிப் பழக்கம் விட்டதால் கொஞ்சம் கோர்வையில்லாமல் சொன்னான். கடைசியில், “இது சாவுக்கு வந்த கொப்பரை, மா. இந்த முற்றத்துல யாரோ ஒருத்தருக்கு வந்திருக்கு. நீங்க போயிடுங்க” என்றான்.

“எந்த முற்றத்துலதான் ரா ஒருத்தரும் சாகமாட்டாங்க?” என்றாள் செகாய். “எங்க ஊர்ல கொப்பரை வரல, சாவு மட்டும் வந்துச்சு. விறகு எங்க இருக்கு?”

அன்றே அவரையும் சோளமும் ஒன்றாகக் கொதித்தது. சாலை வேலைக்காரர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்குக் கொப்பரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தினமும் மத்தியானம் அந்தப் பெஞ்சு நிறைந்தது. சாலை முடிந்து அவர்கள் போன பிறகும் செகாய் போகவில்லை. ஏன் போகவில்லை என்று மொலெபாட்சி கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவாளோ என்ற பயம். இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். அவனுக்கு அதுவரை இல்லாத பயம் ஒன்று வந்தது. ஒவ்வொரு நாளும் விடியுமுன் விழித்து, அவள் மூச்சு வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பான். வந்தால்தான் எழுந்து ஆடுகளைத் திறப்பான். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொப்பரையை உடைக்கப் போனான். சத்தம் கேட்டு அவள் போர்வையோடு வெளியே வந்தாள்.

“என்னய்யா பண்றீங்க?”

“ஒனக்காகத்தான் வந்திருக்கு இது. எனக்குத் தெரியும். நீ வர்றவரைக்கும் காத்துக்கிட்டு இருந்திருக்கு.”

“எனக்காகவே வந்திருந்தாலும், நாளைக்கு எதுல சமைக்கிறது? கடப்பாரையக் கீழ வைங்க. குளிருது, உள்ள வாங்க.”

அவள் பிழைத்துக்கொண்டாள். மழை பொய்த்த இரண்டு வருஷங்களில் ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராக வேலியைத் தாண்டி வந்து சாப்பிட்டார்கள். முதலில் வந்தவள் மா டிபோ. “உப்பு கம்மி” என்று சொல்லிவிட்டு இன்னொரு தட்டு வாங்கினாள். அவள் செத்தபோது மொலெபாட்சி சவக்குழிக்கு மண் தள்ளினான். அவனை யாரும் விலகிப் போகச் சொல்லவில்லை.

மொலெபாட்சி செத்தது அதற்கும் பல வருஷம் கழித்து. வெயிலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தான், உரித்தபடியே போனான். தலையெல்லாம் நரைத்திருந்தது. கொப்பரை அவனுக்காகத்தான் வந்தது என்பதில் ஊருக்குச் சந்தேகம் தீர்ந்தது. கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டார்கள். முன்பு வெட்டி மூடிய இடத்திலேயே வெட்டினார்கள். மண் இளகியிருந்ததால் வேலை எளிதாக முடிந்தது. இறைச்சி வெந்து, இடித்து, எல்லோரும் தின்ற பிறகு செகாய் தானே மணல் போட்டுக் கொப்பரையைத் தேய்த்தாள். கவிழ்த்து வைக்கவில்லை. இனி எனக்காக நிற்கும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

காலையில் முற்றத்தில் கொப்பரையின் கால்கள் பதிந்த மூன்று குழிகள்தான் இருந்தன. செகாய் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். மொலெபாட்சியின் புதைகுழி அருகே அவள் அப்படி அழவில்லை.

கொப்பரை மரத்தடிக்கும் போகவில்லை. கிணற்றுப் பக்கம் புதிதாகக் குடிவந்த கெபாகிலே என்ற தச்சனின் முற்றத்தில் நின்றது. அவனும் அவன் மனைவியும் இளவயசுக்காரர்கள், கைக்குழந்தை வேறு. மூன்று பேரில் யாருக்கு என்று தெரியாமல் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் தங்கள் வாசலில் நின்று பார்த்தார்களே தவிர யாரும் கிட்டே போகவில்லை. செகாய் ஊறவைத்த அவரையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்கள் நடுவே புகுந்து போனாள். கட்டிய மூட்டையைப் பார்த்தாள்.

“எங்க போறதா உத்தேசம்?”

“தெரியல மா” என்றாள் அந்தப் பெண். “அது நாளைக்கே நடந்துட்டா?”

“நாளைக்கும் நடக்கலாம், இந்தப் புள்ளைக்குத் தாடி நரைச்ச பிறகும் நடக்கலாம். அதுவரைக்கும் மனுஷன் சாப்பிடணும்ல. தண்ணி மொண்டு ஊத்து. ஏய், வாசல்ல நிக்கிறவங்களே, ஆளுக்கு ரெண்டு விறகு கொண்டு வாங்க.”

முதலில் ஒருவர் விறகோடு வந்தார், அடுத்தவர் உப்போடு வந்தார். அன்று கிணற்றுப் பக்கம் முழுவதும் அங்கேதான் சாப்பிட்டது. கெபாகிலே மூட்டையைப் பிரித்தான்.

மொகோபெங்கில் அதிலிருந்து அதுதான் பழக்கம். கொப்பரை எந்த வீட்டில் நிற்கிறதோ அந்த வீட்டில் ஊர் மத்தியானச் சாப்பாடு சாப்பிடும். சில வீடுகளில் ஒரு வாரம் நின்றது, சில வீடுகளில் பல வருஷம். எங்கே நின்றாலும் செகாய் போய் அடுப்பு மூட்டுவாள். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தனியாகத் தார்ச்சாலை வழியே வீட்டுக்குத் திரும்பி, சின்னப் பானையில் தனக்கு ஒருபிடி கூழ் காய்ச்சிக்கொள்வாள். அதிலும் மீந்துவிடும். இப்போது ஊரிலேயே அவள்தான் மூத்தவள். விடிந்ததும் கதவைத் திறந்து முதலில் முற்றத்தைப் பார்க்கிறாள். பிறகு அதைப் பெருக்கிவிட்டு, கொப்பரை அன்றைக்கு யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு கிளம்புகிறாள்.