பரீட்சை நாளில் ஊதாத சங்கு

கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற சாலையில் இருக்கும் அந்த ஆலைக்குப் பெரிய பெயர்ப்பலகை உண்டு. ஊரில் ஒருவரும் அதைப் படித்ததில்லை. ஊருக்கு அது கம்பி கம்பெனி, அதன் முதலாளி கிருபாராணி கம்பியம்மா, அவ்வளவுதான். பழைய இரும்பை உருக்கி, வீடு கட்டுகிற கம்பியாக இழுத்து அனுப்புவது தொழில். கணவர் எபினேசர் தொடங்கியது. அவர் இறந்த பிறகு ஆறு வருஷமாக அம்மாவும் மகன் கிங்ஸ்டனும் நடத்துகிறார்கள்.

ஊருக்குச் செய்வதில் அந்தக் குடும்பத்துக்குத் தாராளமான கை. பள்ளிக்கூடத்து பெஞ்சு, சைக்கிள் கொட்டகை, மாரியம்மன் கோயில் கிரில் கேட், கல்லறைத் தோட்டத்து வேலி, எல்லாவற்றிலும் ‘உபயம்’ என்று போட்டு எபினேசர் பெயர் இருக்கும். வெயில் நாளில் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்த பையன் சட்டையில் பெயின்ட் ஒட்டி அந்தப் பெயரோடு வீட்டுக்குப் போனான் என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். கேலி பேசினாலும் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட ஊர் அதிகம் பயன்படுத்தியது ஆலைச் சங்கைத்தான். அதைக் கேட்டுப் பால் கறந்தார்கள், பஸ்ஸுக்கு ஓடினார்கள், அடுப்பில் உலை வைத்தார்கள். ஆளுக்கொரு போன் வந்த பிறகும் சங்கைத்தான் நம்பினார்கள். பகல் பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு ஊதுவதை ஊர் சோத்துச் சங்கு என்று சொல்லும். ஆலைக்குள் அதற்கு வேறு அர்த்தம்.

உள்ளே ஸ்க்ராப் யார்டில் மலைபோலக் குவிந்த பழைய இரும்பை எட்டுப் பேர் குனிந்து தரம் பிரிப்பார்கள். தலைக்கு மேலே கிரேன். அதன் நுனியில் மாட்டு வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு காந்தம். சங்கு ஊதியதும் எட்டுப் பேரும் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட வேண்டும். ஒரு மணிக்குக் கிரேன்காரர் சுரேந்தர், காந்தத்தில் ஒட்டியிருக்கும் கடைசி இரும்பைக் குவியலுக்கு மேல் கொண்டுவந்து, கரண்டை அணைத்து, அதை விழவிட்டுவிட்டுச் சாப்பிட இறங்குவார். போன வருஷம் வரை, முப்பது வருஷமாக இதுதான் வழக்கம். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

அந்தச் சங்கை இந்த வருஷமும் பரீட்சை நாட்களில் நிறுத்த வேண்டும் என்று கேட்கத் தலைமை ஆசிரியர் கோவிந்தப்பன் ஒரு மனுவோடு வந்திருந்தார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஒன்றேகால் மணி வரை நடக்கும். பள்ளிக்கும் ஆலைக்கும் நடுவில் ஒரு மதில்தான். மனுவில் எழுத்து முத்து முத்தாக இருந்தது.

“யார் சார் எழுதினது?”

“நம்ம அனிதாதாங்க மேடம். கிருஷ்ணப்பன் பொண்ணு. இப்ப பதினொண்ணு படிக்குது. கையெழுத்து நல்லா இருக்கும்னு அதுகிட்டயே குடுத்துட்டேன்.”

‘சென்ற ஆண்டு தாங்கள் சங்கை நிறுத்தியதால் நாங்கள் அமைதியாகத் தேர்வு எழுதினோம். அந்த நன்றியை என்றும் மறவோம்’ என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். கிருபாராணி அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. மடித்து மேஜையில் வைத்தாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

போன வருஷம் அவர் கேட்ட மாத்திரத்தில் சரி என்று சொன்னவள் அவள்தான். ஆறு பரீட்சை, ஆறு நாள், பகல் சங்கு இல்லை. அதற்குப் பதிலாக சூப்பர்வைசர் தினேஷ்குமார் மஞ்சள் கோட்டருகே நின்று கைதட்டி எல்லோரையும் வெளியே கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. ஐந்து நாள் அவன் நின்றான். ஆறாம் நாள் கடைசிப் பரீட்சை, நல்ல வெயில். எழுதிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு மோர் கொடுக்கலாம் என்று கிருபாராணிக்குத் தோன்றியது. தினேஷ்குமாரைக் கூப்பிட்டு, மோர் பாக்கெட்டுகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வா என்று அனுப்பினாள். கோட்டருகே அவன் நிற்க வேண்டும் என்பதே அவள் நினைவில் இல்லை. நல்லது செய்கிற அவசரத்தில் அவளுக்கு எப்போதுமே வேறெதுவும் கண்ணில் படாது.

ஏழு பேர் பசியில் தாமாகவே வெளியே வந்துவிட்டார்கள். கிருஷ்ணப்பன் குவியலுக்கு மறுபக்கம் குனிந்திருந்தான். அவனுக்குக் கடிகாரம் கட்டும் பழக்கமில்லை. போனை யார்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. மேலே இருந்த சுரேந்தர், மணி பார்த்தார், ஒன்று ஆகியிருந்தது, கரண்டை அணைத்தார். இரும்பு விழுந்த சத்தம் ஆபீஸில் இருந்த கிருபாராணிக்குக் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தானே. கைக்கடிகாரத்தைப் பார்த்து, பிள்ளைகள் நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். அந்த நிமிஷத்தில் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் பரீட்சை எழுதிய பிள்ளைகளில் கிருஷ்ணப்பன் மகளும் ஒருத்தி.

கிருஷ்ணப்பன் சாவுக்குக் காரணம் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று வக்கீல் சொன்னபடி கிங்ஸ்டன் அறிக்கை எழுதினான். அவள் கையெழுத்துப் போட்டாள். ஊர் தன் பங்குக்கு, கிருஷ்ணப்பன் குடித்துவிட்டுப் போயிருந்தான் என்று சேர்த்துக்கொண்டது.

மறுவாரமே சங்கு பழையபடி ஊதத் தொடங்கியது. கிருபாராணிக்குத்தான் எதுவும் பழையபடி ஆகவில்லை. தினமும் அந்த நேரத்துக்கு, எந்த வேலையில் இருந்தாலும், கால் தானாக ஜன்னலுக்குப் போகும். கோட்டைத் தாண்டி வருகிறவர்களை எண்ணுவாள். அந்த இடத்துக்கு வேறு ஆள் யாரும் வர ஒத்துக்கொள்ளவில்லை, ஆகவே ஏழு பேர்தான். அவள் கண் எட்டாவது ஆளுக்காக நிற்கும். யார்டுக்காரர்கள் டிபன் பாக்ஸைத் திறந்ததும் முதல் கவளத்தைக் கோட்டுக்கு உள்ளே வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள் என்பதையும் அவள் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஒருநாள் எட்டாவது ஆள் இருந்தான். தலையில் ஈரத்துண்டு. சங்கு அலறிக்கொண்டிருந்தது, ஏழு பேரும் வந்துவிட்டார்கள், அவன் மட்டும் கோட்டுக்கு உள்ளேயே நின்று, காதருகே கையைக் குவித்து, எதையோ கேட்கக் காத்திருந்தான். சங்கு அடங்கியபோது அங்கே இரும்புதான் இருந்தது. பேய் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. இருபது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பேயே கிடையாது என்று பாடம் எடுத்தவள். ஞாயிற்றுக்கிழமை சபையில், போதகர் ஆசீர்வாதம் சொல்கிற வேளைக்குச் சரியாக அந்த நேரம் வரும். ஆலைக்கு அன்று விடுமுறை, சங்கு ஊதாது. எல்லோரும் ஆமென் சொல்ல, அவள் மட்டும் அந்த நிசப்தத்தில் பயந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

தலைமை ஆசிரியர் போனதும் கிங்ஸ்டன் மனுவைப் பார்த்தான்.

“நிறுத்திடலாம்மா. இல்லைன்னா ஏன்னு கேப்பாங்க.”

“நிறுத்தலாம். இன்னைக்கே யார்டுல சிவப்பு லைட்டு போடச் சொல்லு. அது எரிஞ்சா எல்லாரும் வெளிய வரணும்.”

“லைட்டு போட்டா, போன வருஷம் இல்லைன்னு நாமே ஒத்துக்கற மாதிரி ஆயிடும்னு வக்கீல் சொல்லியிருக்கார்.”

“ஒத்துக்கத்தான் போறேன். கிருஷ்ணப்பன் வீட்டுக்கு, மேகலாகிட்ட போயி எல்லாத்தையும் சொல்லப் போறேன். செத்தவன் பேர்ல பழியைப் போட்டுட்டு என்னால இன்னொரு வருஷம் இந்த ஜன்னல்ல நிக்க முடியாதுடா.”

கிங்ஸ்டன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டான்.

கிருஷ்ணப்பன் மனைவி மேகலா கர்நாடகத்து அத்திப்பள்ளிப் பக்கத்தவள், வீட்டில் பேச்சு பாதி கன்னடம். ரோஜாத் தோட்டத்து பாலிஹவுஸ் கூடாரத்தில் பூ வெட்டுகிற வேலை. கிருபாராணி போனபோது சாயங்காலம் நாலு மணி. மேகலா வாசலில் உட்கார்ந்து அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் முள் கீறல். சுவரில் கிருஷ்ணப்பன் படம் இல்லை. மாட்டவே இல்லை போலும்.

எழப் போனவளைத் தடுத்து, கிருபாராணி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். நடுவில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னாள். சங்கை நிறுத்தியது, தினேஷ்குமாரை மோருக்கு அனுப்பியது, பொய் அறிக்கையில் கையெழுத்துப் போட்டது.

“உன் வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல மேகலா. தப்பு என்னோடது. ஊர்ல வந்து சொல்றேன். அனிதாகிட்டயும் சொல்றேன்.”

மேகலா உரிப்பதை நிறுத்தவில்லை.

“தெரியுங்கம்மா.”

“யாரு சொன்னா?”

“சுரேந்தரண்ணன். மூணாம் நாள் பால் தெளிக்கறப்ப வந்தாரு. கால்ல உழுந்து அழுதாரு. எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் அவரு ஊருக்கு, ஊத்தங்கரைக்குப் போனாரு.”

ஒரு வருஷமாகத் தெரிந்துகொண்டே, எதிரில் பார்க்கும்போதெல்லாம் இவள் தனக்கு வணக்கம் வைத்திருக்கிறாள் என்பது கிருபாராணிக்கு அப்போதுதான் உறைத்தது.

“தெரிஞ்சும் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல? கம்பெனிக்குப் பயந்தா?”

“பயமெல்லாம் இல்லீங்க.”

“அவர் குடிச்சிருந்தார்னு ஊரே பேசுது. அவர் வாயில ஒரு சொட்டு வச்சதில்லைன்னு எனக்கே தெரியும். யார் கிளப்பிவிட்டது அதை?”

“நாந்தாங்கம்மா.”

கிருபாராணி தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள். மேகலா முறத்தைக் கீழே வைத்தாள்.

“காரியம் முடிஞ்ச அன்னிக்கு அனிதா என்கிட்ட வந்து கேட்டுச்சு. ஏம்மா, பரீட்சைக்குன்னு சங்கு ஊதலையே, அப்பாவுக்கு எப்பிடித் தெரிஞ்சிருக்கும்னு. அதுக்கு மூளை ஜாஸ்திங்க. இன்னும் ஒரு நாள் உட்டா அதுவே கண்டுபுடிச்சிருக்கும். தன் பரீட்சைக்காக நிறுத்துன சங்காலதான் அப்பன் செத்தான்னு தெரிஞ்சா, அப்புறம் அது புக்கைத் தொடுமா? சோறு திங்குமா? அதான், உங்கப்பா அன்னிக்குக் குடிச்சிட்டுப் போனாரு, தலைக்கு மேல காந்தம் வர்றதே தெரியலைன்னுட்டேன். நம்பிடுச்சு. படம் மாட்டக் கூடாதுன்னு ஒரே சண்டை. திட்டுச்சு. திட்டுனதுல அழுகை நின்னுபோச்சு. மறுநாள் புக்கை எடுத்துச்சு.”

“மேகலா…”

“அவருக்கு இருந்தது ஒரே ஒரு நல்ல பேருங்கம்மா. அதை நான் பொண்ணுக்காகச் செலவு பண்ணிட்டேன். அவர் இருந்தாலும் குடுத்துருப்பாரு.” அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. “நீங்க சொல்லிட்டா உங்க மனசு லேசாயிடும். அந்த பாரம் எங்க போயி எறங்கும்னு யோசிச்சீங்களா? பிடிங்கம்மா. பிடி.”

கன்னடத்தில் ‘பிடி’ என்றால் விட்டுவிடு. எல்லைப் பக்கத்தில் வாழ்கிற கிருபாராணிக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தும் அவள் காதில் தமிழ்ச் சொல்தான் விழுந்தது, இதை நீயே பிடித்துக்கொள் என்று.

பதில் சொல்வதற்குள் சைக்கிள் வந்து நின்றது. அனிதா இறங்கியவள், கம்பியம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வணக்கம் சொன்னாள்.

“மேடம், லெட்டர் வந்துச்சுங்களா? சங்கு நிறுத்துவீங்கல்ல?”

“வந்துச்சும்மா. நிறுத்திடுவோம்.”

“போன வருஷம் கடைசி எக்ஸாம்ல அந்த நேரத்துலதான் பெரிய கேள்வியெல்லாம் எழுதினேன். வெளிய வந்து மோர்கூட ரெண்டு பாக்கெட் குடிச்சேன்.” சொல்லிவிட்டு சைக்கிளை ஸ்டாண்ட் போடக் குனிந்தவள், நிமிராமலே கேட்டாள். “சங்கு இல்லைன்னா உள்ள வேலை செய்யறவங்களுக்கு எப்பிடித் தெரியும் மேடம்?”

“சிவப்பு லைட்டு வச்சிருக்கோம்மா. எரிஞ்சா எல்லாரும் வெளிய வந்துடுவாங்க.”

அனிதா நிமிர்ந்தாள்.

“போன வருஷமும் அந்த லைட்டு இருந்துச்சா?”

மேகலா கீழே இருந்த முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அவள் கிருபாராணியைப் பார்க்கவில்லை, முறத்தைப் பார்த்தாள். இரண்டு பெண்களுக்கு நடுவில் கிருபாராணி உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லத்தான் அவள் இந்த வீட்டுக்கு வந்திருந்தாள்.

“இருந்துச்சும்மா,” என்றாள்.

அனிதாவின் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறுகி மூடிக்கொண்டது. “நெனச்சேன்,” என்றாள். “லைட்டு எரிஞ்சதுகூடத் தெரியாத அளவுக்குக் குடிச்சிருக்காரு.” புத்தகப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீறல் விழுந்த இரண்டு கைகளாலும் கிருபாராணியின் கையைப் பிடித்து, அதில் தன் நெற்றியை ஒற்றிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் ஊர் அவளுக்கு எத்தனையோ நன்றி சொல்லியிருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் வாங்க முடியாமல் கிருபாராணி வாய்விட்டு அழுதாள். உள்ளே பிள்ளைக்குக் கேட்டுவிடும் என்று மேகலாதான் அவள் வாயைப் பொத்தினாள்.