பெண்டிக்ஸில் பூசிய கிரீஸ்

"விசிறிகிட்ட யாரும் நிக்காதீங்க!"

எழில்மதி மூன்றாவது முறையாகச் சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் மோட்டார் 'விர்ர்ர்' என்று வெறுமனே அலறியது. விமானத்தின் விசிறி இம்மியும் அசையவில்லை.

நெய்வேலி ஓடுதளத்தில் அந்த நாலு சீட் விமானம் இன்னும் அரைமணியில் கிளம்பியாக வேண்டும். இன்ஜினியர் எழில்மதி குதித்திறங்கி, மூடியைக் கழற்றி டார்ச் அடித்தாள். மோட்டார் சுற்றியதும் பெண்டிக்ஸ் என்கிற சின்னப் பல்சக்கரம் முன்னே ஓடிவந்து என்ஜினின் பெரிய பல்வளையத்தைக் கவ்வ வேண்டும். அது ஓடிவரவே இல்லை. விரலால் வழித்தாள். கன்னங்கரேலென்று களிம்பு.

"கிரீஸ்! கரித்தூசியெல்லாம் ஒட்டி இறுகிடுச்சு. இங்க கிரீஸே ஆகாது. யார் வச்சது?"

மெக்கானிக் கலியமூர்த்தி தன் கையைப் பார்த்துக்கொண்டார். சுரங்கத்தில் முப்பது வருஷம் கன்வேயருக்குக் கிரீஸ் வைத்த கை. ரிட்டயராகி இங்கே வந்தும் பழக்கம் போகவில்லை. போன வாரம் பல்சக்கரம் காய்ந்து கிடந்ததைக் கண்டதும், கை தானாக டப்பாவுக்குள் போய்விட்டது.

சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ் திரும்பினார், கான்ட்ராக்ட் தொழிலாளி நௌஷாத் பக்கம்.

"போன வாரம் இதைத் தொடச்சது நீதானடா?"

"தொடச்சேன் சார். கிரீஸ் வெக்கல."

"பின்ன, பிசாசு வந்து வச்சுட்டுப் போச்சா? கேட் பாஸைக் கழட்டு. நாளைக்கு வராத."

'மூர்த்தி அண்ணன் கை பட்டா மெஷின் பேசும்' என்பார்கள். அந்தப் பேர் கலியமூர்த்தியின் நாக்கைக் கட்டிப்போட்டது. நௌஷாத் கழுத்துக் கயிற்றைக் கழற்றி நீட்டினான்.

"சார்... நான்தாங்க வெச்சேன்." கலியமூர்த்தியின் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. "அந்தப் புள்ள மேல தப்பு இல்லீங்க."

ஜெயப்பிரகாஷ் பாஸைத் திருப்பிக் கொடுத்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன, மூர்த்தி?"

இத்தனை நாள் 'அண்ணே' என்ற வாய். இன்று வெறும் மூர்த்தி.

எழில்மதி களிம்பைக் கரைத்துத் துடைக்கத் தொடங்கினாள். கலியமூர்த்தி தலைகுனிந்தபடியே நௌஷாத்தை ஓரமாக அழைத்துப் போனார்.

"மன்னிச்சிடு தம்பி. நான்தான்னு உனக்குத் தெரியாம..."

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"நீங்க விரல்ல எடுத்துப் பூசும்போது, நான் எறக்கைக்கு அடியில தொடச்சிக்கினுதான இருந்தேன்?"