மூன்று வாரம் பொங்காத காபி

1988 பிப்ரவரியில் டெஸ்போவின் வீட்டில் மூன்று வாரம் எதுவும் முடியவில்லை. அடுப்பில் வைத்த காபி பொங்கவில்லை, பிசைந்த மாவு உப்பவில்லை, மறுநாள் குஞ்சு பொரிக்க வேண்டிய கோழி பொரிக்கவில்லை. அவள் கணவன் கிப்ரோஸ் காபிக்குக் கடைக்குப் போனான். அவன் எப்போதும் கடைக்குப் போகிறவன்தான் என்பதால் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

இருவர் ரத்தத்திலும் ரத்தம் ஊறவிடாத தலசீமியா நோய் பாதி பாதி இருந்தது. இன்று எங்கள் சைப்ரஸில் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமல் பாதிரியார் கல்யாணத்துக்கு நாள் குறிக்கமாட்டார். இவர்கள் அந்த வழக்கம் வருமுன்பே கட்டிக்கொண்டவர்கள். மூத்தவள் ரொடூலாவுக்கு அது முழுதாக வந்திருந்தது; ஒன்பது வயது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். எனவே அடுத்த கருவின் பதினாறாம் வாரத்தில், குழந்தைக்கும் அந்த நோய் முழுதாக இருந்தால் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு, டெஸ்போ கருவைப் பரிசோதிக்கத் தலைநகர் நிக்கோசியாவுக்குப் போனாள்.

அங்கே செவிலி தெக்லா எல்லாம் சொன்னாள். திரையில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே வயிற்றில் ஊசி இறக்குவார்கள், நாலு தேக்கரண்டி பனிக்குட நீர் எடுப்பார்கள், நூற்றில் ஒருத்திக்குக் கரு தங்காமல் போகலாம், இரண்டு நாள் குடம் தூக்கக் கூடாது, முடிவு வர மூன்று வாரம்.

"வலிக்குமா?"

"உன் மாமியார் நாக்கு குத்துற அளவுக்குக் குத்தாதும்மா."

உண்மையில் ஊசி சீக்கிரம் முடிந்தது. அதன் பிறகுதான் எதுவும் முடியவில்லை. ரொடூலாவின் ரத்தமும் அப்படியே. முறைநாளில் அளந்த மருத்துவர், போன தடவை ஏற்றியது துளியும் குறையவில்லை என்று கண்டு, கருவியைப் பழுதுபார்க்க அனுப்பினார். அந்த மூன்று வாரமும் அவள் தெருவில் எங்கள் பிள்ளைகளோடு மூச்சு வாங்காமல் ஓடினாள். அவள் கன்னம் அப்படிச் சிவந்து நாங்கள் பார்த்ததே இல்லை. இன்று நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

ஒரு மாலை அவள் கேட்டாள்: "பாப்பா என்னை மாதிரி இருந்தா வேணாம்னு சொல்லிடுவீங்களா?"

டெஸ்போ ஆமாம் என்று சொன்னாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

"அப்போ என்னையும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

"தெரியல கண்ணு," என்றாள் டெஸ்போ. பிறகு மாதாவின் படத்துக்கு முன்னால், மணல் நிறைத்த தகரத்தில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி நட்டாள்.

இருபத்தொன்றாம் நாள் காலை தொலைபேசி அடித்தது. டெஸ்போவின் கை எழவில்லை. அழைப்பை எடுத்தால் தன் ரத்தமும் முடியத் தொடங்கும் என்று ரொடூலாவுக்குத் தெரியும், அவள் மக்குப் பிள்ளை அல்ல. அவளே எடுத்து அம்மாவின் காதில் வைத்தாள்.

"கேளும்மா. எத்தனை நாளைக்குத்தான் அப்பா கடையில காபி குடிப்பாரு."

குழந்தைக்கும் பாதிதான், பெற்றோரைப் போல. பயமில்லை. அந்த நிமிடமே காபி பொங்கி அடுப்பை அணைத்தது, மாவு தொட்டியைத் தாண்டி வழிந்தது, ஏழு குஞ்சுகள் வெளியே வந்தன. ரொடூலா வெளுத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தாள். கிப்ரோஸ் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

ரொடூலாவுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தங்கைதான் காரில் அழைத்துப் போகிறாள். அந்த மெழுகுவர்த்தி மட்டும் இன்னும் தீரவில்லை. ஊரில் யார் அந்த ஊசிக்குப் போனாலும், முதலில் வந்து அதில் தன்னுடையதைக் கொளுத்திக்கொண்டு போகிறாள். தகரத்து மணலை நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம்.