மேலகரம் வயலில் நிற்பவன்

அன்று வயலில் இருந்தவர்கள்: வல்லிநாயகமாகிய நான், மறைந்த என் தம்பியின் மனைவி முத்துவடிவு, எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் தளவாய், அவன் மனைவி பாலம்மாள். வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்லும் மற்றவர்கள் பிறகு ஓடி வந்தவர்கள்.

முத்துவடிவின் மகன் விஜயசங்கர் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அன்று காலை சிறிய விமானத்தில் தனியாகத் தென்காசிப் பக்கம் வருவதாகப் போனில் சொல்லியிருந்தான். அதைப் பார்க்கத்தான் அவள் மேலகரம் வயலுக்கு வந்தாள். குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. மலை பாதிதான் தெரிந்தது.

வெள்ளை விமானம் மேகத்துக்குள் நுழைந்தது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ராணுவ ஜெட் ஒன்றும் அதே மேகத்துக்குள் போனது. மேகம் உள்ளிருந்து ஒருமுறை மஞ்சளாக வெளுத்தது. சத்தம் அப்புறம்தான் வந்தது. அதன்பின் ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

இருக்கையோடு ஒருவன் எங்கள் நடவுக்குள் வந்து விழுந்தான். பாராசூட் விரியவில்லை. முத்துவடிவு சேற்றில் ஓடிப்போய், ஹெல்மெட் போட்ட அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "சங்கரு, ஐயா, சங்கரு" என்று கூப்பிட்டாள். நான் முகமூடியை விலக்கினேன். எங்கள் பிள்ளை இல்லை. ஜெட்டை ஓட்டியவன். கண்கள் திறந்திருந்தன. பஞ்சாபுக்காரன் என்று, அவனை எடுத்துப்போக வந்த அதிகாரிகள் சொன்னார்கள்.

விஜயசங்கரை மறுநாள் அருவிக்கு மேலே காட்டில் கண்டெடுத்தார்கள். முறைப்படி எரித்தோம். காரியத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அகாலத்தில் செத்தவனுக்கு மண்ணில் பீடம் பிடித்துப் படையல் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தளவாய் என்னைக் கேட்காமல் வரப்போரம் ஒன்று பிடித்துவிட்டான்.

"ஏலே, யாரைக் கேட்டு இதை வச்ச?"

"கோவப்படாதீய அண்ணாச்சி. அந்தி சாய்ஞ்சா சின்னவரு வரப்புல நிக்காரு. பசியோட நிக்காரு."

"எங்க வீட்டுப் பிள்ளை ஊராங்கிட்ட சோத்துக்கு நிப்பானோ?"

"செத்த பொறவு பெரிய வீடு என்ன, சின்ன வீடு என்ன?" என்று பாலம்மாள் வெடுக்கென்று கேட்டாள். "சொதி வைக்கேன், அவியல் வைக்கேன், எல்லாம் அவுக பிரியப்பட்டதுதான். ஒரு காக்கா கிட்ட வரமாட்டேங்கு. உங்க வீட்டுக் காரியத்துலதான் ஏதோ கொறை, அண்ணாச்சி."

தென்காசிக் கடைத்தெருவரை அந்தப் பேச்சு போயிற்று. முத்துவடிவும் கேட்டாள். பிள்ளை பட்டினியாக நிற்கும்போது எனக்கென்ன சோறு என்று இலையைத் தள்ளிவிட்டாள். நான் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை.

அன்று மாலை நானே போனேன்.

நின்றிருந்தான். வடக்கே பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு. சாரல் அவன் மேல் விழுந்தது, துணி நனையவில்லை. நடவு காற்றில் சாய்ந்தது, அவன் காலடியில் மட்டும் சாயவில்லை. விஜயசங்கர் என் தோளுக்குத்தான் வருவான். இவன் என்னைவிட ஒரு சாண் உயரம்.

மறுநாள் குற்றாலத்தில், சீசனுக்கு வரும் வடக்கத்தியார் சாப்பிடும் ஹோட்டலில் சப்பாத்தியும் பருப்பும் வாங்கிவந்து பீடத்தில் வைக்கச் சொன்னேன்.

"நம்ம சாமிக்குப் போயி சப்பாத்தியா?" என்று தளவாய் சிரித்தான்.

வைத்த கையை எடுப்பதற்குள் காக்கைகள் இறங்கின. இலை துடைத்ததுபோல் ஆனது. தளவாய் பிறகு சிரிக்கவில்லை.

என்னோடு வந்திருந்த முத்துவடிவு வெறும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நம்ம சங்கரு போய்ச் சேந்துட்டான், என்ன அத்தான்?" என்றாள்.

"போய்ச் சேந்துட்டான்."

"இது எவ பெத்ததோ."

வீட்டுக்கு வந்து அவளாகவே இலை போட்டுச் சாப்பிட்டாள். இப்போது மாவு பிசைந்து சுட்டுக் கொண்டுபோவதும் அவள்தான். நான் பீடத்தை இடிக்கச் சொல்லவில்லை. எங்கள் நிலத்தில் வந்து விழுந்தவனைப் பட்டினி போட்ட பெயர் எங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

விஜயசங்கர் அங்கே நிற்பதாக மேலகரத்தில் இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது பொய். அங்கே நிற்பவன் மற்றவன்.