இழு என்று ஒரு சைகை

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துவது அத்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவரை மேய்ப்பது மச்சினி. அக்கா புருஷனை மேய்ப்பது லேசுப்பட்ட வேலையா? அவர் காதுக்குள் பேசுகிற கருவி கெட்டுக் கிடந்தது. சரிசெய்யச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் எல்லாம் கைஜாடைதான். விரலைச் சுழற்றினால் முடி. இரண்டு கையையும் ரப்பர் மாதிரி விரித்தால் இழு.

பெண்கள் நோயை மறைப்பதைப் பற்றிப் பேச அன்றைக்கு ஒரு டாக்டரம்மா வரவேண்டும். வரவில்லை. இழு என்று காட்டினாள். காட்டினவளுக்கு நன்றாக வேண்டும். அத்தான் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். மழை தீர்ந்ததும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

"வெளியில எதுக்குங்க போகணும்? என் வீட்டுக்காரம்மாவையே எடுத்துக்கங்க. மார்புல ஒரு கட்டி..."

அவளுக்குப் பகீரென்றது. அப்பாவுக்கு இதயம் சரியில்லை. தன் ஆபரேஷன் முடிந்து எழுந்து உட்கார்ந்த பிறகு தானே அவரிடம் சொல்வதாக, அக்கா அத்தானிடமும் இவளிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். அப்பாவோ மாப்பிள்ளை குரலைக் கேட்காமல் பல்கூட விளக்க மாட்டார்.

விரலைச் சுழற்றினாள். கழுத்தை அறுத்துக் காட்டினாள். கண்ணாடியைத் தட்டினாள்; சத்தம் அந்தப் பக்கம் போனால்தானே! கையெடுத்துக் கும்பிட்டாள். படுபாவி மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு உருகிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ஆபரேஷன் என்றார். பெற்ற அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை என்றார்.

மைக்கை அடைக்கும் பொத்தான் அவள் கைக்கு அடியிலேயே இருந்தது. அந்தக் கையைத்தான் இவ்வளவு நேரம் காற்றில் ஆட்டிக்கொண்டிருந்தாள். அது உறைத்துப் பாட்டைப் போட்டபோது எல்லாம் ஊருக்கே போய்விட்டது. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

போன் அடித்தது. அப்பா.

"மாப்பிள்ளை சொன்னாரே, அது நிகழ்ச்சிக்காகச் சும்மா சொன்னதுதானேம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தாள். அந்தப் பக்கம் அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்படி என்று கட்டைவிரலை உயர்த்திக் கேட்டார். எரிச்சலில் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவரை முறைத்தாள். அப்பா காத்திருந்தார். இவளிடமிருந்து மூச்சுதான் வந்தது.

"சரிம்மா," என்றார் கடைசியில். "திங்கட்கிழமை எத்தனை மணிக்கு?"