இருபத்தெட்டு நிமிஷ பேட்டரி

என் லேப்டாப் பேட்டரி இருபத்தெட்டு நிமிஷம் தாங்கும். நான் வாசித்துப் பதிவு செய்ய வேண்டிய அத்தியாயம் நாற்பது நிமிஷம். இதைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "சார்ஜரை மாட்டிக்கிட்டே வாசிக்க வேண்டியதுதானே?" மாட்டினால் மைக்கில் ஒரு ரீங்காரம் ஏறும். காதுக்குள் கொசு குடித்தனம் நடத்துகிற மாதிரி இருக்கும். இதை ஆறு பேருக்கு விளக்கி என் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

பத்து வருஷம் பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொன்னவள் நான். எந்த வண்டி எங்கிருந்து எப்போது கிளம்பும் என்று ஊருக்கே சொன்ன குரல் இது. போன மாதம் அங்கே ஒரு மெஷினை வைத்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மெஷின் பேசுவதும் என் குரலில்தான் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நல்ல வேளையாக, ஒலிப்புத்தகம் போடும் நிறுவனம் ஒன்று குரல் தேடியது. ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தை மட்டும் அனுப்பி, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் வாசித்து, சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் அனுப்பச் சொன்னார்கள். முடிவில் பத்து வினாடி மௌனமும் வேண்டுமாம். அறை எவ்வளவு அமைதி என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்களாம். எதிரொலி வராமல் இருக்க, துணி அலமாரிக்குள் உட்கார்ந்து வாசிப்பது என்று முடிவு செய்தேன்.

இது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் எனக்கு மருந்துக்கடை. என் கணவரின் அக்கா, எங்களோடு இருப்பவர், அங்கேதான் சூப்பர்வைசர். "அலமாரிக்குள்ள உக்காந்து தனியா பேசுறதுக்குப் பேரு வேலையா? நான் கடையில சொல்லி வச்சுட்டேன். வந்து சேரு" என்று முடித்துவிட்டார். நல்ல மனசோடுதான் சொன்னார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "இது சாப்பாட்டுக்கு முன்னாடி, அது பின்னாடி" என்பதைத் தவிர அங்கே எனக்குப் பேச என்ன இருக்கிறது? நினைத்தாலே அழுகை முட்டியது.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் பேட்டரி சொல்லி வைத்த மாதிரி இருபத்தெட்டாவது நிமிஷம் படுத்தது. புது பேட்டரி அடுத்த வாரம்தான் வரும் என்று ரிப்பேர் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அப்போதுதான் என் கணவர் உள்ளே நுழைந்தார். அவர் பஸ் டிரைவர். மைலேஜில் டிப்போவிலேயே முதல் ஆள், அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

"பேட்டரிய விடு. லோடு எவ்வளவு ஏத்தி வச்சிருக்க, அதச் சொல்லு."

லேப்டாப்பில் திறந்து கிடந்த இணையப் பக்கங்கள் முப்பத்தொன்று. அதில் இருபத்தாறு அவருடையது. மூன்று வருஷமாக வாங்கப் போகிற வாஷிங் மெஷின். முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மூடினார். வைஃபையை அணைத்தார், புளூடூத்தை அணைத்தார். மெத்தைமேல் இருந்த லேப்டாப்பைத் தரைக்கு இறக்கினார். "எஞ்சின் சூடானா டீசல் குடிக்கும்." பிறகு, நான் மறுபடி வாசிக்க ஆரம்பித்ததும், ஸ்க்ரீன்தான் பெரிய லோடு என்று மூடியையே சாத்திவிட்டார். லேப்டாப் தூங்கிவிட்டது. அலமாரிக்குள் நான் உயிரைக் கொடுத்து வாசித்த இரண்டு பக்கம் காற்றோடு போனது.

"சாத்தினா தூங்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தலையணையக் கண்டா நீங்க தூங்குறீங்கல்ல, அதே மாதிரிதான்" என்றேன்.

கடைசியில் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைப்பது என்று முடிவானது. எழுத்து தெரியாதே, அதனால் அத்தியாயத்தைத் தாளில் அச்செடுத்து வந்தோம். தாள் புரட்டினால் சலசலத்தது. அக்கா எட்டிப் பார்த்தார். போய்த் துணி கிளிப்புகளைக் கொண்டு வந்து, பதினாறு தாளையும் ஹேங்கர்களில் வரிசையாக மாட்டிவிட்டார்.

"என் துணியெல்லாம் உள்ள இருக்கு. நீ கசக்காம இருக்கணும்ல" என்றார்.

சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு ஆரம்பித்தோம். மைக்கோடு நான் அலமாரிக்குள். லேப்டாப் வெளியே தரையில். மங்கிய ஸ்க்ரீன் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று கணவர் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு அதன்முன் குனிந்திருந்தார். என் கால் கட்டைவிரலில் கட்டிய நூல் அவர் கையில். பத்து சதவீதம் குறைந்தால் ஒரு இழுப்பு. தன் துணிக்குக் காவலாக அக்கா முக்காலியில்.

வாசித்தேன். கதை ஒரு பெண்ணைப் பற்றியது. வீட்டின் மேல்மாடியை அவள் பன்னிரண்டு வருஷமாகப் பூட்டியே வைத்திருக்கிறாள். ஒரு நாள் மேலே யாரோ நடக்கிற சத்தம். முதல் இழுப்பு எட்டாவது தாளில்தான் வந்தது என்றால் நம்புவீர்களா? இல்லை, பொய் சொல்லக் கூடாது, நான்காவது தாளில் வந்தது. அதுவே எனக்குத் தெம்பாக இருந்தது. பதிமூன்றாவது தாளில் ஏழாவது இழுப்பு. வேகமாக ஓடிவிடலாமா என்று நாக்கு துடித்தது. பஸ் நிலையத்தில் எத்தனை அவசரத்திலும் நான் ஊர்ப்பெயரை விழுங்கியதில்லை. இங்கேயும் விழுங்கவில்லை.

பதினாறாவது தாள். "கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் அவள் பெயரைச் சொன்னான். அவள் பூட்டைத் திறந்தாள்."

முடிந்தது. இனி பத்து வினாடி மௌனம். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"யாருடி அவன்?" என்றார் அக்கா.

கணவர் போர்வைக்குள்ளிருந்து பாய்ந்து பதிவைச் சேமித்தார். மூன்று சதவீதம் மிச்சம். நாற்பத்தொரு நிமிஷம் ஓட்டிவிட்டார் மனுஷன். ஆனால் என்ன பிரயோஜனம்? மணி பதினொன்றரை ஆகப் போகிறது, திரும்ப சார்ஜ் ஏற்றவே இரண்டு மணி நேரம் ஆகும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"அக்கா, பத்தே பத்து வினாடி வாய மூட முடியலையா உங்களுக்கு?"

வீட்டுக்கு வந்து ஏழு வருஷத்தில் நான் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

"அது கிடக்கட்டும். அவன் யாரு?"

"எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஒரு அத்தியாயம்தான் குடுத்தாங்க. வேலை கிடைச்சாத்தான் மீதி."

அக்கா சார்ஜரை எடுத்து அவரே மாட்டினார். "அப்படியே அனுப்பு" என்றார். பிறகு போனை எடுத்து மருந்துக்கடை முதலாளியிடம் பேசினார். "எங்க வீட்டுப் பொண்ணு திங்கக்கிழமை வரமாட்டா. அவளுக்கு வேற வேலை இருக்கு."

நிறுவனத்திலிருந்து பதில்கூட வரவில்லை அப்போது. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, அலமாரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான், வேறென்ன.

சாயங்காலம் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். "முடிவுல ஒரு அம்மா கேட்டாங்களே, அதே கேள்விய எங்க ஆபீஸ்லயும் எல்லாரும் கேட்டோம். புத்தகம் முழுக்க நீங்களே வாசிங்க. ஆனா அந்த மௌனம் மட்டும் மௌனமாவே இருக்கட்டும்."

அடுத்த வாரம் புது பேட்டரி வந்தது. மூன்று மணி நேரம் தாங்கும். கணவர் விடவில்லை, இன்னமும் போர்வைக்குள்தான் இருக்கிறார். ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும், அந்தப் பத்து வினாடிக்கு, அக்கா முக்காலியில் உட்கார்ந்து ஒரு துணி கிளிப்பை உதட்டில் மாட்டிக்கொள்கிறார்.